பளபளப்பும் தூய்மையும்: பல்செட்டின் வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்

கொல்கத்தாவில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் உரிமையாளர் 76 வயதான ஒரு வங்காளப் பெண்மணி. தெருவில் அனைவரும் அழைப்பதுபோல் நானும் அவரை மாசிமா என்றே அழைக்கிறேன். தாயின் உடன்பிறந்தவரைக் குறிக்கும் சொல் அது. மூன்று ஆண்டுகளாக ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் அவர் பல்செட் அணிபவர் என்பது எனக்குத் தெரியாது. சென்ற மழைக்காலத்தில், கடுகு அரைத்துச் சமைத்த இலிஷ் மீனை உண்ண முடியாமல் தட்டை நகர்த்திவைத்தபோதுதான் தெரியவந்தது. மேலண்ணம் எரிகிறது என்றார். பல் மருத்துவரிடம் துணைக்குச் சென்றேன்.

மேல்தாடைப் பல்செட்டைக் கழற்றியதும், அது பதிந்திருந்த இடம் முழுவதும் கோடு வரைந்து நிறம் தீட்டியதுபோல் சிவந்திருந்தது. இரவில் கழற்றி வைப்பீர்களா என்று மருத்துவர் கேட்டார். மாசிமா இல்லையென்று தலையசைத்தார். பதினோரு ஆண்டுகளாக ஓர் இரவுகூடக் கழற்றி வைத்ததில்லையாம். காலையில் பற்பசை வைத்து, வாயிலிருந்தபடியே துலக்கிவிடுவாராம். பிறகு, சற்றே மனத்தாங்கலுடன் மருத்துவரைப் பார்த்துக் கேட்டார்: "பளிச்சென்றுதானே இருக்கிறது?"

அந்தக் கேள்விதான் என்னை நூலகத்துக்கு அனுப்பியது. நான் மருத்துவம் பயின்றவளல்லள், மொழியியல் மாணவி. ஆகவே முதலில் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். தமிழில் நாம் பல் துலக்குகிறோம், அல்லது பல் விளக்குகிறோம். இரண்டும் பிறவினைகள். துலங்குதல் என்றால் ஒளிர்தல். துலங்கச் செய்வது துலக்குதல். அவ்வாறே விளங்கச் செய்வது விளக்குதல். பித்தளைக் குடத்தையும் விளக்குகிறோம், பல்லையும் விளக்குகிறோம். நம் மொழி தூய்மையை ஒளியால் அளந்து வைத்திருக்கிறது. கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தால் வேலை முடிந்தது. 'கிருமி நீக்கம்' என்னும் தொடரோ கண்ணுக்குப் புலப்படாத ஒன்றைப் பற்றியது. அண்மைக் காலத்தில் ஆக்கப்பட்டது. செயற்கைப் பற்களின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, மாசிமாவின் பிழை அவருடையது மட்டுமன்று என்பது தெளிவாயிற்று. துலக்குதலுக்கும் கிருமி நீக்குதலுக்கும் இடையிலான தொலைவைக் கடக்க அறிவியல் உலகுக்கே ஏறத்தாழ 300 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

கதை நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் தொடங்குகிறது. ஆன்டனி வான் லீவன்ஹுக் ஒரு துணி வணிகர். தாமே தேய்த்து உருவாக்கிய சிறு வில்லைகளின் வழியே உலகைப் பார்த்தவர். 1683 செப்டம்பரில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அவர் எழுதிய கடிதம் பல்லைப் பற்றியது. நாள்தோறும் உப்பால் பல் தேய்த்து, நீரால் கொப்பளித்து, துணியால் துடைக்கும் வழக்கமுடையவர் அவர். அப்படியிருந்தும் பல்லிடுக்கில் மாவுபோன்ற வெள்ளைப் பொருள் ஒட்டியிருப்பதைக் கண்டார். அதை மழைநீரில் கலந்து வில்லைக்கு அடியில் வைத்தபோது, நுண்ணிய உயிர்கள் துள்ளித் திரிவதைப் பார்த்தார். வாழ்நாளில் பல்லே துலக்கியிராத ஒரு முதியவரின் வாயிலிருந்து எடுத்த மாதிரியில் அவற்றின் கூட்டம் நம்பமுடியாத அளவில் இருந்தது. மனிதர் தம் வாயில் வாழும் பாக்டீரியாக்களைக் கண்ட முதல் பதிவு இதுவே.

அவர் அத்துடன் நிற்கவில்லை. கடுமையான புளிக்காடியை வாயிலிட்டுக் கொப்பளித்துப் பார்த்தார். தனியே எடுத்து நீரில் கலந்த உயிர்கள் காடி பட்டதும் மாண்டன. ஆனால் பல்லின்மேல் படிந்திருந்த படிவத்துக்குள் இருந்தவை சாகவில்லை. காடி அப்படிவத்தின் வெளிப்புறத்தில் இருந்தவற்றை மட்டுமே கொன்றது, உள்ளே ஊடுருவவில்லை என்ற முடிவுக்கு அவர் வந்தார். இந்த ஒரு கவனிப்பை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பல்செட்டைப் பற்றி இன்று நமக்குச் சொல்லப்படும் அறிவுரையின் பாதி இதற்குள் இருக்கிறது. ஆயினும் அடுத்த இரு நூற்றாண்டுகள் யாரும் இதைப் பொருட்படுத்தவில்லை.

18ஆம் நூற்றாண்டின் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செல்வர்களின் செயற்கைப் பற்கள் பெரும்பாலும் தந்தத்தால், குறிப்பாக நீர்யானையின் கோரைப்பல்லால், செதுக்கப்பட்டவை. அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் மரப்பல் அணிந்திருந்தார் என்பது கட்டுக்கதை. 1789இல் பதவியேற்றபோது அவர் வாயில் எஞ்சியிருந்த சொந்தப் பல் ஒன்றே. நியூயார்க்கின் ஜான் கிரீன்வுட் அவருக்குச் செய்துகொடுத்த பல்தொகுதி நீர்யானைத் தந்தத்தில் அமைந்தது. 1798 டிசம்பரில் கிரீன்வுட் தலைவருக்கு எழுதிய கடிதம் ஒன்று கிடைக்கிறது. அனுப்பிவைத்த பற்கள் கறுத்துப் போயிருந்தன. போர்ட் ஒயினின் புளிப்பு மெருகை அரித்துவிட்டது என்கிறார். இரவு உணவுக்குப்பின் கழற்றித் தூய நீரில் போட்டுவைக்கவும், அல்லது சுண்ணக்கட்டியை நுண்மையாகச் சுரண்டித் தூரிகையால் தேய்க்கவும் பரிந்துரைக்கிறார். அதே கடிதத்தில், பல் இன்னும் மஞ்சளாக, இயல்பானதுபோல் தோன்ற வேண்டுமானால் இறைச்சிச் சாற்றில் ஊறவைக்கலாம் என்றும் எழுதுகிறார்.

இன்று ஆய்வுக்கூடங்களில் பாக்டீரியாவை வளர்க்கப் பயன்படுத்துவதே இறைச்சிச் சாறுதான். கிரீன்வுட்டை நாம் நகைக்க வேண்டியதில்லை. தம் காலத்தின் மிகச் சிறந்த கைவினைஞர்களில் ஒருவர் அவர். அவர் கண்ணுக்குப் பல்லின் சிக்கல் நிறம், தீர்வும் நிறமே. கழற்றி நீரில் வைக்கச் சொன்ன அறிவுரை இன்றும் சரியானது. ஆனால் மெருகு காப்பதற்காகச் சொன்னதே தவிர, வாயைக் காப்பதற்காக அன்று.

தந்தத்தின் மற்றொரு குறை நாற்றம். அது உயிர்ப்பொருள், நுண்துளைகள் கொண்டது, எச்சிலையும் உணவையும் உறிஞ்சி வாயிலேயே அழுகக்கூடியது. பாரிஸ் நகருக்கு அருகே வாழ்ந்த மருந்தாளுநர் அலெக்சி டுஷாத்தோ, தொழில்நிமித்தம் நாள்தோறும் மருந்துகளைச் சுவைத்துப் பார்ப்பவர். அவற்றின் நெடியெல்லாம் அவரது தந்தப் பற்களில் ஏறித் தங்கிவிட்டது. மருந்து அரைக்கும் பீங்கான் கலத்தில் எந்த நெடியும் தங்குவதில்லையே என்று சிந்தித்து, 1774 வாக்கில் பீங்கானில் பல்தொகுதி செய்ய முனைந்தார். அவருக்கு உதவிய பல் மருத்துவர் நிக்கோலா துபுவா த ஷெமான் அதை மேம்படுத்தி, 'அழியாப் பற்கள்' என்று பெயரிட்டு விற்றார். 1791இல் இங்கிலாந்தில் காப்புரிமையும் பெற்றார். கிருமி என்ற கருத்தே இல்லாத காலத்தில், நாற்றத்தைத் தடமாகக் கொண்டு ஒரு மருந்தாளுநர் சரியான இடத்தை நெருங்கியிருக்கிறார்: எதை ஊறவைத்துக் கழுவுவது என்பதற்கு முன்பே, எந்தப் பொருளால் செய்வது என்ற கேள்வி இருக்கிறது.

அந்தக் கேள்விக்கு 19ஆம் நூற்றாண்டு தந்த விடை ரப்பர். கந்தகம் சேர்த்து இறுக்கிய வல்கனைட் என்னும் கடின ரப்பர் 1850களில் பல்செட்டின் தளமாக வந்து, முன்பு செல்வருக்கே உரியதாயிருந்த செயற்கைப் பல்லை எளியோர்க்கும் எட்டச் செய்தது. குட்இயர் பெயரிலான நிறுவனம் காப்புரிமைக் கட்டணத்துக்காகப் பல் மருத்துவர்களை ஓயாமல் வழக்குமன்றத்துக்கு இழுத்தது. 1879இல் அதன் பொருளாளர் ஜோசையா பேக்கன், சாமுவேல் சால்ஃபன்ட் என்ற பல் மருத்துவரால் சான்பிரான்சிஸ்கோவில் சுட்டுக் கொல்லப்பட்டார். உயிரைப் பறிக்கும் அளவுக்குப் பகை மூண்டது காப்புரிமையைப் பற்றி. ஈறோடு ஒட்டும் அந்த ரப்பரின் சொரசொரப்பான உட்புறத்தில் என்ன குடியிருக்கிறது என்பதைப் பற்றி அன்று எவரும் சண்டையிடவில்லை.

அதைப் பற்றிய பேச்சு பெர்லினில் தொடங்கியது. ராபர்ட் கோக்கின் வழியில் பயின்ற அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லபி மில்லர், மனித வாயின் நுண்ணுயிர்கள் குறித்த தம் நூலை 1890இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். லீவன்ஹுக் கண்டவை வெறும் வேடிக்கைப் பொருள்கள் அல்ல, நோய்க்குக் காரணமானவை என்பது நிலைபெற்றது. 1900இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர், வாயின் சீழ்தான் உடல்நோய்கள் பலவற்றின் ஊற்று என்று எழுதினார். 1910இல் மான்ட்ரியாலில் ஆற்றிய உரையில், அழுகலின்மேல் தங்கத்தை மூடி அழகுபார்க்கும் பல் மருத்துவத்தைக் கடுமையாகச் சாடினார். எச்சரிக்கையில் உண்மை இருந்தது. ஆனால் அதைக் கேட்ட உலகம் எதிர்த்திசையில் ஓடியது: வாயில் கிருமி இருந்தால் பல்லைப் பிடுங்கிவிடு. அடுத்த சில பத்தாண்டுகளில் நலமான பற்களும் கூட்டங்கூட்டமாகப் பிடுங்கப்பட்டன. கிருமிக்கு அஞ்சிப் பல்லிழந்தவர்கள் பல்செட்டுக்கு வந்தார்கள். கிருமி அந்தப் பல்செட்டிலும் ஏறிக்கொண்டது.

1937 வாக்கில் வால்டர் ரைட் என்பவரின் ஆய்வுகளைத் தொடர்ந்து அக்ரிலிக் வந்தது. ஈறின் நிறத்துக்கு இசையும், எடை குறைவு, விலை குறைவு, பழுதுபார்ப்பது எளிது. இன்று நம் வீட்டுப் பெரியவர்கள் அணிவது பெரும்பாலும் இதையே. ஆனால் இரண்டு குறைகள் அதனுடன் பிறந்தவை. முதலாவது, கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினாலும் அதில் நுண்துளைகளும் கீறல்களும் உண்டு. பூஞ்சைக்கு அவை நல்ல பிடிமானம். இரண்டாவது, கொதிநீரில் அது உருக்குலையும். கொதிக்க வைத்தல் என்பது நம் சமையலறைகள் அறிந்த மிகப் பழைய கிருமி நீக்க முறை. பால்புட்டி முதல் ஊசி வரை அப்படித்தான் காத்தோம். அந்த வழி பல்செட்டுக்கு மட்டும் அடைபட்டுவிட்டது.

அக்ரிலிக் பரவிய அதே காலத்தில், 1936இல், கான் என்ற அமெரிக்க ஆய்வாளர் பல்செட்டுக்கு அடியில் தோன்றும் சிவந்த புண்ணைக் காண்டிடா என்னும் பூஞ்சையோடு தொடர்புபடுத்தி எழுதினார். 1962இல் பிரிட்டனின் நியூட்டன் அப்புண்ணை மூன்று படிநிலைகளாகப் பகுத்தார். அந்தப் பகுப்பு இன்றும் பாடநூல்களில் நீடிக்கிறது. பெரும்பாலும் அது வலிப்பதில்லை. அதனால்தான் ஆண்டுக்கணக்கில் தெரியாமலே இருந்துவிடுகிறது. மாசிமாவுக்கு எரிந்தது ஒருவகையில் நற்பேறு. பூஞ்சைக்கு எதிரான நிஸ்டாட்டின் மருந்தை 1950இல் எலிசபெத் ஹேசனும் ரேச்சல் பிரவுனும் அறிவித்தனர். நியூயார்க் மாநிலத்தின் பெயரால் அமைந்த மருந்து அது. அதைத் தடவினால் புண் ஆறும். மருந்தை நிறுத்தினால் பலருக்குத் திரும்ப வரும். காரணம், அண்ணத்துக்கு மருந்திட்டார்கள். பூஞ்சை பல்செட்டில் தங்கியிருந்து மீண்டும் அண்ணத்துக்கு ஏறியது. நோயாளி இருவர் என்று கொள்ள வேண்டும்: வாய் ஒன்று, பல்செட் மற்றொன்று. இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை என்பது 1970களின் ஆய்வுகளுக்குப் பிறகே பரவலாயிற்று.

பல்செட்டைக் கிருமி நீக்கம் செய்வது ஏன் இத்தனை கடினம்? லீவன்ஹுக்கின் புளிக்காடிக்கு இங்கேதான் திரும்ப வேண்டியிருக்கிறது. 1978இல் வில்லியம் காஸ்டர்டனும் உடனாய்வாளர்களும், பாக்டீரியாக்கள் நீரில் தனித்தனியே மிதப்பதைவிட, ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, தாமே சுரக்கும் பிசினுக்குள் ஒடுங்கிக் கூட்டமாக வாழ்வதையே விரும்புகின்றன என்று விளக்கினர். இன்று இதை உயிர்ப்படலம் என்கிறோம். மீன் தொட்டியின் சுவரில் விரல் வழுக்குகிறதே, அது உயிர்ப்படலம். கழுவாத பல்செட்டின் உட்புறத்தில் வழுக்குவதும் அதுவே. படலத்துக்குள் இருக்கும் கிருமியை மருந்து எளிதில் எட்டாது. வெளியே இருப்பவை சாகும், உள்ளே இருப்பவை பிழைக்கும். டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் 1680களிலேயே கண்டுவிட்டதற்கு அப்போதுதான் முறையான பெயர் கிடைத்தது.

நடைமுறையில் இதன் பொருள் எளிது. தேய்க்காமல் ஊறவைத்தால் படலத்தின் மேற்பகுதி மட்டுமே சாகும். ஊறவைக்காமல் தேய்த்தால் தூரிகை புகாத நுண்துளைகளில் கிருமி தங்கும். இரண்டும் வேண்டும், முதலில் தேய்ப்பு, பிறகு ஊறல். துலக்குதல் என்ற நம் பழைய வினைச்சொல் இங்கே தன் மதிப்பை மீட்டுக்கொள்கிறது. பளபளப்புக்காக நாம் செய்த செயல்தான் படலத்தை உடைக்கிறது. ஆனால் அத்துடன் முடிந்துவிடுவதில்லை.

ஊறவைக்கும் நீர்மத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. குளோரின் சேர்ந்த சலவை நீர் 1780களின் பிரான்சில் துணி வெளுக்கப் பிறந்தது. முதல் உலகப் போரில் ஹென்றி டேக்கினும் அலெக்சி கரேலும் அதை 0.5 விழுக்காடு அளவுக்கு நீர்த்து வீரர்களின் அழுகிய புண்களைக் கழுவினர். அந்தச் சோடியம் ஹைப்போகுளோரைட்தான் இன்றைய பிளீச். கிருமியைக் கொல்வதோடு படலத்தின் பிசினையும் கரைப்பதால் அது வலிமையானது. அதே காரணத்தால் அளவு மீறினால் அக்ரிலிக்கின் நிறத்தை வெளுக்கும். பகுதிப் பல்செட்டின் உலோகக் கம்பியை அரிக்கும். அமெரிக்கச் செயற்கைப்பல் மருத்துவர் கழகத்தின் சார்பில் 2011இல் வெளியான வழிகாட்டுதல், பிளீச் கரைசலில் 10 நிமிடத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்கிறது. நுரைத்துக் கரையும் மாத்திரைகள் மென்மையானவை. ஆனால் நுரை தூரிகைக்கு மாற்றாகாது. அவற்றில் உள்ள பெர்சல்ஃபேட் சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்குவதாலும், சிலர் தவறுதலாக அவற்றை மெல்லவும் கொப்பளிக்கவும் செய்ததாலும், 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது.

இத்தனையும் வாய்ப்புண் ஒன்றுக்காகவா என்று கேட்கலாம். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு வேறு விடை தருகிறது. டோக்கியோவில் 85 வயது கடந்த 524 பேரை மூன்றாண்டுகள் கவனித்தனர். பல்செட் அணிந்தே உறங்கியவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு, கழற்றிவிட்டு உறங்கியவர்களைவிட ஏறத்தாழ இருமடங்குக்கும் சற்று மேல். அணிந்து உறங்கியதுதான் காரணம் என்று இத்தகைய ஆய்வு ஒன்றே நிறுவிவிடாது. எனினும் பாதை விளங்கிக்கொள்ளக் கூடியதே: உறக்கத்தில் எச்சில் குறையும், கிருமி பெருகும், முதியவர்கள் அறியாமலே அந்த எச்சிலைச் சிறிதளவு நுரையீரலுக்குள் இழுத்துக்கொள்வார்கள். 1999இல் ஜப்பானின் 11 முதியோர் இல்லங்களில் நடந்த மற்றோர் ஆய்வு, வாயைத் தூய்மையாகப் பேணிய முதியோரிடையே நிமோனியா குறைந்ததை முன்பே காட்டியிருந்தது.

இந்தியாவுக்கு வருவோம். நான் வாழும் இந்நகரில்தான் 1920இல் ரஃபியுதீன் அகமது நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். அமெரிக்காவின் அயோவாவில் பயின்று திரும்பிய அவர், அதை நடத்தத் தேவையான பணத்துக்கு நியூயார்க் சோடா ஃபவுன்டன் என்ற குளிர்பானக் கடையை நடத்தினார். இனிப்பு விற்ற காசில் பல் மருத்துவம் கற்பித்தவர் என்று நண்பர்கள் இங்கே சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. 2011 கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 60 வயது கடந்தவர்கள் 10 கோடிக்கும் மேல். கர்நாடகத்தின் தந்த பாக்ய, கேரளத்தின் மந்தஹாசம் ஆகிய திட்டங்கள் ஏழை முதியவர்களுக்குக் கட்டணமின்றிப் பல்செட் வழங்குகின்றன, போற்றத்தக்க முயற்சிகள். பல்செட்டோடு ஒரு தூரிகை, ஒரு மூடி போட்ட டப்பா, தாய்மொழியில் ஐந்து நிமிடப் பேச்சு ஆகியனவும் முதியவர் கையில் சேரவேண்டும் என்பதே என் விழைவு. மாசிமாவுக்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன் யாரேனும் சொல்லியிருக்கக்கூடும். அவர் காதில் விழவில்லை, அல்லது விழுந்தும் மனம் ஏற்கவில்லை.

ஏன் ஏற்கவில்லை என்று திரும்பும் வழியில், ரிக்‌ஷாவில், அவரே சொன்னார். கணவர் இருந்தவரை அவர் முன் பல்லில்லாமல் இருக்க நாணம். அவர் போனபின் வீட்டில் வாடகைக்கு நான் வந்துவிட்டேன். நள்ளிரவில் நான் கதவைத் தட்டினால் என்ன செய்வது என்ற அச்சம். பதினோரு ஆண்டுகள் அந்தப் பல்செட்டை வாயில் இருத்தியது அறியாமை மட்டுமன்று. பல்லில்லாத முகத்தை நாம் எள்ளிப் பழகியிருக்கிறோம். பொக்கைவாய் என்ற நம் சொல்லிலேயே அந்தச் சிரிப்பு ஒளிந்திருக்கிறது. கிருமியைப் பற்றி எத்தனை ஆய்வுகள் வந்தாலும், இந்த நாணத்தைப் போக்காமல் இரவில் அது கழற்றப்படப் போவதில்லை.

மருத்துவர் சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்து மாசிமாவுக்கு வங்காளத்தில் எழுதி ஒட்டிய குறிப்பை இங்கே தமிழில் தருகிறேன். உங்கள் வீட்டில் யாருக்கேனும் பயன்படலாம்.

ஒவ்வொரு முறை உண்டபின்னும் கழற்றி நீரில் அலச வேண்டும். கீழே விழுந்தால் உடையும்; ஆகவே நீர் நிரப்பிய பாத்திரத்தின்மேல் பிடித்துக் கழுவுவது நல்லது.

நாளுக்கு ஒருமுறையேனும் மென்மையான தூரிகையாலும் சோப்பு நீராலும் உள்ளும் புறமும் தேய்க்க வேண்டும். பற்பசை வேண்டாம், அதிலுள்ள அரைக்கும் துகள்கள் அக்ரிலிக்கைக் கீறும். அந்தக் கீறலில் கிருமி தங்கும்.

தேய்த்த பின்னரே ஊறவைக்க வேண்டும். மாத்திரையா, பிளீச் கரைசலா, எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பிளீச்சையும் வினிகரையும் ஒருபோதும் கலக்கக்கூடாது. நச்சு வாயு எழும். ஊறவைத்ததை நன்றாக அலசாமல் வாயில் வைக்கக்கூடாது.

கொதிநீர் கூடாது.

இரவில் கழற்றித் தூய நீரில் வைக்க வேண்டும். உலரவிட்டால் வடிவம் மாறும். அந்த நீரை நாள்தோறும் மாற்ற வேண்டும். ஈறையும் நாக்கையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மாசிமாவின் அண்ணம் ஆறிவிட்டது. பல்செட் இப்போது இரவில் ஓர் எவர்சில்வர் டப்பாவில், மூடி போட்டு, பூஜையறைக்கு எதிர்ப்புறமுள்ள அலமாரியில் இருக்கிறது. முதல் வாரம் அவர் கதவைத் தாழிட்டுக்கொண்டார். இப்போது இல்லை. சென்ற செவ்வாய் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தவர், பல்லில்லாமலே சமையலறை வாசலில் நின்று, இன்னும் தூங்கவில்லையா என்று கேட்டார். ஆய்வேட்டின் மூன்றாம் இயல் முடியவில்லை என்றேன். சற்று நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு உறங்கப் போனார்.

உங்கள் வீட்டில் பல்செட் அணியும் பெரியவர் ஒருவர் இருப்பாரானால், இரவில் அதை எங்கே வைக்கிறார் என்று தனியே, மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். ஒருவேளை இதுவரை யாரும் அவரிடம் கேட்டிருக்கமாட்டார்கள்.